ஐந்து சாவும் ஓர் ஆணியும்

எமில் ஹாவ்லிக் டுவேன் சொபோட்காவின் தாடையை உடைத்தது ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், மாட்டு ஏலக் கூடத்தில் இருநூறு பேர் கண்முன்னால். ஒரே அடிதான். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

எமிலுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நெப்ராஸ்காவில் வில்லோ ஃபோர்க் ஏலக் கூடத்தில், பதினெட்டு வருஷமாக வட்டத்துக்குள் நின்று மாட்டை ஓட்டிக் காட்டும் வேலை. ஒரு பக்கக் கதவு திறந்ததும் மாடு சீறிக்கொண்டு வரும். கையிலிருக்கும் பிரம்பால் தட்டி அதைச் சுற்றவிட்டு, விலை முடிந்ததும் எதிர்க் கதவு வழியாக விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக் கொண்டியை மாட்ட வேண்டும். அந்த வேலையில் இரண்டு தரம் விலா எலும்பு முறிந்திருக்கிறது. இடது கையில் சுண்டுவிரல் கிடையாது; ஒரு கதவுக்கும் ஒரு காளைக்கும் நடுவில் போனது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். அப்படிப்பட்டவனைத்தான் டுவேன் அன்று மூன்றாம் தரமாகச் சீண்டினான்.

"எமில்! கதவைச் சாத்துனியா? நல்லாப் பாத்துக்கப்பா. எங்கப்பனும் இங்கதான் உக்காந்திருக்காரு!"

கூடம் குலுங்கச் சிரித்தது. எமில் வட்டத்திலிருந்த கிடேரியை வெளியே அனுப்பினான். கதவைச் சாத்தினான். கொண்டியை மாட்டி ஆணியைச் செருகி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். அதற்கப்புறம்தான் கம்பித் தடுப்பில் ஏறிக் குதித்து மூன்றாம் வரிசைக்குப் போனான். டுவேன் ரத்தமும் புகையிலைச் சாறும் வழிய அப்பன் மடியில் விழுந்தான். கொலைவெறியிலும் கதவை மறக்காத மனிதன் எமில் என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஷெரீஃப் வந்தார், விசாரித்தார், டுவேனின் அப்பாவே "எம்மவன் வாய் சும்மா இருக்கல" என்று சொல்லிவிட்டதால் திரும்பிப் போனார். டுவேனின் பற்களை மேலும் கீழுமாகக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் உறிஞ்சுகுழலில் சூப்பு. எமிலை அதுவரைக்கும் வட்டத்துக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு புத்தகம். அதை எழுதியவன் எமிலின் சொந்தத் தம்பி லோரன்.

அந்தப் புத்தகத்துக்கு முன்னால் ஒரு சாவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அப்பா ஆன்டன் ஹாவ்லிக் அடியாத மாடு படியாது என்று நம்பியவர். பிள்ளைகளையும் மாட்டுக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். இடக்கைக்காரர். சேணத் தோல்வாரை இடது கையில் சுற்றிக்கொண்டு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பையன்களுக்குத் தெரியாது. லோரன் எப்போதும் புத்தகத்தோடு வைக்கோல் பரணில் ஒளிந்துகொள்வான். அவன் பங்கையும் சேர்த்து எமில் வாங்கிக்கொள்வான். கன்றுகளைக் கீழே தள்ளி விதை எடுக்கும்போது கால்களைப் பிடிப்பது எமில். கொம்பு அறுக்கும்போது ரத்தம் பீச்சுவதும் எமில் முகத்தில்தான்.

1938 ஜூன் மாதம். எமிலுக்குப் பதினேழு, லோரனுக்குப் பதினைந்து. அன்று காலையில் ஒரு கன்று வேலி தாண்டிப் போனதற்காக எமிலின் முதுகு கிழிந்தது. சட்டை புண்ணில் ஒட்டிக்கொண்டிருக்க, மத்தியானம் அண்ணனும் தம்பியும் காளைப் பட்டிக்குள் போய் உப்பு வைத்தார்கள், தண்ணீர் நிரப்பினார்கள். ஹோல்ஸ்டீன் இனக் காளை கொட்டகை நிழலில் அசை போட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு: கடைசியாக வெளியே வருகிறவன்தான் கதவுக்குப் பொறுப்பு. லோரன் முன்னால் வந்துவிட்டான். எமில் கடைசியாக வந்தான், கதவைச் சாத்தினான், கொண்டியில் ஆணியைச் செருகினான். செருகினான் என்றுதான் நினைத்தான்.

அரை மணி நேரம் கழித்து அலறல் கேட்டது. எமில் ஓடிப் போனபோது கதவு அகலத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. காளை அப்பாவைக் களஞ்சியச் சுவரோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தது. கொம்பு வயிற்றில் ஏறி இறங்கிவிட்டது. அது பின்வாங்கிப் பின்வாங்கி அதே இடத்தில் மறுபடி மறுபடி முட்டியது. எமில் வீட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து மூன்று குண்டுகள் சுட்டான். காளை முழங்காலிட்டது, சாகவில்லை. பிறகு சம்மட்டியால் நெற்றியில் அடித்தான். அது செத்த பிறகும் அடித்தான். மண்டை கூழானது. அப்பா அதற்குள் போய்விட்டார்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வருவதற்குள் எமில் ஒரு காரியம் செய்தான். கதவின் ஆணியைத் தேடினான். வைக்கோல் வாரும் புல்வாரியின் இரும்புப் பல்லை வளைத்து அப்பாவே அடித்த ஆணி அது. தலையில் ஒரு வளையம், வளையத்தின் முறுக்கு மற்ற எல்லா ஆணிக்கும் நேர்மாறான பக்கம். எங்கும் கிடைக்கவில்லை. கன்றுப் பட்டியின் ஆணியைப் பிடுங்கி வந்து, காளைப் பட்டிக் கதவைச் சாத்தி, அதில் மாட்டினான். வந்தவர்கள் மூடிய கதவைப் பார்த்தார்கள். "தாண்டிக் குதிச்சிருக்குடா சாமி" என்றார்கள். அப்படியே ஊர் நம்பியது. லோரன் பரணிலிருந்து இறங்கி, வெளிறிப்போய், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

எமில் அடுத்த பத்து நாள் சேற்றைச் சலித்துச் சலித்து ஆணியைத் தேடினான். கிடைக்கவே இல்லை. நாம்தான் செருகவில்லை என்று முடிவு செய்தான். முதுகு எரிச்சலில், அந்த ஆள் மேல் இருந்த வெறியில், கை வேண்டுமென்றே மறந்திருக்கும் என்று நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய மனைவி அல்பீனாவிடம்கூட. அன்று முதல் எந்தக் கதவைச் சாத்தினாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். சில நாள் பாதி வழி வந்த பிறகு பிக்கப் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பான்.

லோரன் கல்லூரிக்குப் போனான், கிழக்கே நியூயார்க் பக்கம் வாத்தியாரானான், நாவல்கள் எழுதினான். முதல் மூன்றையும் எமில் வாங்கிப் படித்தான். ஒன்றில் பக்கங்களை எந்த வரிசையிலும் படிக்கலாம் என்றிருந்தது. எமில் ஒன்றிலிருந்து முந்நூறு வரைக்கும் ஒழுங்காகப் படித்து, ஒன்றும் விளங்காமல் மூடிவைத்தான். இன்னொன்றில் நடுவழியில் கதாநாயகன் எழுத்தாளனுக்குக் கடிதம் போட்டுச் சண்டை பிடித்தான். "உன் தம்பிக்குக் கதை சொல்லத் தெரியலையா, இல்ல சொல்லப் பிடிக்கலையா?" என்று அல்பீனா கேட்டாள். எமில் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய படிப்பு என்றான்.

நாலாவது நாவல்தான் வினை. அதில் ஆன்டன் ஹாவ்லிக் என்கிற பண்ணைக்காரர் ஐந்து அத்தியாயங்களில் ஐந்து விதமாகச் சாகிறார். ஊர் பெயர் அப்படியே, ஆட்கள் பெயர் அப்படியே. வழக்கமாக இதில் வருவதெல்லாம் கற்பனை என்று போடும் முதல் பக்கத்தில் லோரன், "இந்தப் புத்தகத்தில் உள்ள அனைத்தும் உண்மை. ஒரு பெயரும் மாற்றப்படவில்லை" என்று போட்டிருந்தான். கிழக்கே இருந்த பண்டிதர்கள் அதைப் படித்துவிட்டு, என்ன குறும்பு, என்ன சாமர்த்தியம் என்று கொண்டாடினார்கள். வில்லோ ஃபோர்க்கில் அப்படிப்பட்ட பண்டிதர் ஒருவரும் கிடையாது. இங்கே ஒருவன் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உண்மை.

மாவட்ட வாரப் பத்திரிகை, மண்ணின் மைந்தன் எழுதிய புத்தகம் என்று பெருமையாக மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் போட்டது. மூன்றாம் அத்தியாயத்தில், தோல்வாரடி வாங்கிய மூத்த மகன் எமில், அப்பா வரும் நேரம் பார்த்துக் காளைப் பட்டியைத் திறந்துவிட்டு, வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறான். அப்பாவின் குடல் சரிவதை லோரன் இரண்டு பக்கத்துக்கு அழகழகாக எழுதியிருந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில் ரகசியமாகப் பேசினார்கள். பிறகு மாதா கோயில் வாசலில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் எமிலின் முகத்தில் துப்பினார். வீட்டு வேலிக் கதவில் யாரோ மாட்டுக் குடலைச் சுற்றிவிட்டுப் போனார்கள். அல்பீனா தொலைபேசியை எடுத்து லோரனின் எண்ணைச் சுழற்றி, எமிலின் கையில் திணித்தாள்.

"லோரி, என் பேர எடுத்துடுறா."

"அது உன் பேரு இல்ல எமில். காகிதத்துல இருக்கிற எமில் வேற ஆளு. அவன் வெறும் சொல்லு."

"அப்படியா? போன வாரம் ஒருத்தர் என் மூஞ்சில துப்புனாரு. அந்தச் சொல்லு மேல துப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"முதல் பக்கத்துல எல்லாம் உண்மைன்னு போட்டிருக்கேன் பாரு, புத்தகத்துலயே பெரிய பொய் அதுதான். படிக்கிறவங்களுக்கு அது தெரியும்."

"இங்க ஒருத்தனுக்கும் தெரியல."

"தெரியாதவங்களுக்காக நான் எழுத முடியாது. கலைன்னா அப்படித்தான். யாரும் சாகலையே எமில். அது மை."

எமில் தொலைபேசியை வைத்தான். அவனைத் தின்றது ஊர் பேச்சு மட்டுமல்ல. தம்பிக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மூன்றாம் அத்தியாயம் எழுதியிருக்கிறான் என்று அவன் நினைத்தான். அப்பாவைக் கொன்றவன் நான் என்பதை லோரன் பரணிலிருந்து பார்த்திருக்கிறான். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்து இப்போது ஊருக்குச் சொல்லிவிட்டான். அப்படி நினைத்தபோது ஒரு பக்கம் தம்பியைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. இன்னொரு பக்கம், ஒருவழியாக முடிந்தது என்றும் இருந்தது.

டுவேன் தாடை உடைந்த பிறகு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த எமில் அந்தப் புத்தகத்தை மூன்று தரம் படித்தான். சமையலறை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரல் வைத்து நகர்த்திப் படித்தான். "வாசகரே, நீங்கள் இப்போது பார்ப்பது ரத்தம் அல்ல, கறுப்பு மை" என்று லோரன் நடுவில் எழுதியிருந்த இடத்தில் மேசையைக் குத்தினான். மூன்றாம் தரம் படிக்கும்போது குத்துவது நின்றுவிட்டது. பென்சிலை எடுத்து ஐந்து இடங்களில் கோடு போட்டான். பிறகு நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"என்னய்யா ஆச்சு?" என்றாள் அல்பீனா.

"கதவு தப்பா இருக்கு."

"எந்தக் கதவு?"

அவன் புத்தகத்தை மூடிவைத்தான். அன்றைக்கே ஊர் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது: நூலகக் குழு அழைத்ததன் பேரில் நவம்பர் இரண்டாம் ஞாயிறு மத்தியானம் செக் நாட்டு வம்சாவளியினர் சங்கக் கூடத்தில் லோரன் பேசுகிறான்.

"போய் அடிச்சிட்டு வா, இல்ல பேசிட்டு வா," என்றாள் அல்பீனா. "ரெண்டுல ஒண்ணு. இங்க உக்காந்து மேசைய உடைக்காத."

கூடம் நிரம்பி வழிந்தது. எழுத்தைப் பற்றிக் கேட்க வந்தவர் பத்துப் பேர் இருக்கலாம். மற்றவர்கள் சண்டை பார்க்க வந்தவர்கள். ஓரத்து மேசையில் பிளம் கூழ் வைத்த கொலாச்சே ரொட்டிகளும் காப்பியும் இருந்தன. டுவேன் கம்பி கட்டிய வாயோடு முதல் வரிசையில், கழுத்தில் கயிறு கட்டிய பென்சிலும் மடியில் ஒரு நோட்டுமாக உட்கார்ந்திருந்தான். எமில் பின்னால், கதவோரம், தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

லோரன் நரைத்த முடியைக் காதுவரை வளர்த்திருந்தான். பேச்சு மேசையில் தன் புத்தகத்தைத் திறந்து, அடையாளத்துக்கு வைத்திருந்த ஏதோ ஒரு கறுத்த கம்பியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"சின்ன வயசுல நான் படிச்ச கதையெல்லாம் ஜன்னல் மாதிரி. அது வழியா உலகம் தெரியும்னு சொல்லுவாங்க. நான் உங்களுக்கு ஜன்னலக் காட்ட வந்தவன். கண்ணாடியில இருக்கிற கீறல, சட்டத்துல அடிச்ச ஆணிகளக் காட்டுறேன். நீங்க ஒரு கதைய நம்ப ஆரம்பிச்ச உடனே உங்க தோளத் தட்டி, இது காகிதம், முழிச்சுக்கோங்கன்னு சொல்லணும். என் தொழில்ல நேர்மைங்கிறது அதுதான்."

அவன் பேச்சில் ஒரு மயக்கம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. பன்றிப் பண்ணைக்காரர்கள்கூடக் காப்பியை மறந்து கேட்டார்கள்.

"எங்கப்பா சாவ ஏன் அஞ்சு தடவ எழுதினேன்னு கேக்குறாங்க. ஒரு சாவ ஒரே விதமாச் சொன்னா அது தீர்ப்பு. நீதிபதிக்குத்தான் ஒரு முடிவு வேணும். யார் செஞ்சா, யார் தப்புன்னு கேட்டு ஒருத்தனத் தூக்குல போடணும். கலை யாரையும் தூக்குல போடாது. ஞாபகம்னு ஒண்ணு எங்கயும் பத்திரமா இல்ல. ஒவ்வொரு தடவ நினைக்கும்போதும் நாம புதுசா எழுதுறோம். அஞ்சுல எதுவும் நிஜம் இல்ல, அஞ்சும் நிஜம்."

அப்போது நூலகத்து அம்மாள் பிளான்ச் எழுந்து, "அடப் பாவி! நான்தான் ஆன்டனோட முதல் பொண்டாட்டி! என்னைய ஏன் புத்தகத்துல கொன்ன?" என்று கத்தினார். கூட்டம் வெலவெலத்துப்போனது. பிளான்ச் சிரித்துக் குனிந்து வணங்கினார். இது முன்பே பேசி வைத்துக்கொண்ட நாடகம், கிழக்கே தன் கூட்டங்களில் எல்லாம் இப்படி ஓர் ஆளை எழுப்பிவிடுவது வழக்கம் என்று லோரன் சொன்னதும் ஒரே கைதட்டல்.

"இப்பச் சொல்லுங்க. எது கதை, எது கூட்டம்?" என்றான் லோரன்.

டுவேன் நோட்டில் கிறுக்கி உயர்த்திப் பிடித்தான். அவன் அப்பா வாசித்தார்: "சும்மா சுத்தாத. யார் கதவத் தொறந்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். லோரனும் சிரித்தான். எமில் சுவரை விட்டு நகர்ந்து நடைவழியில் வந்து நின்றான்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

"ரெண்டாவது நாடகம் வருது பாரு," என்று யாரோ முழங்கையால் இடித்தார்கள். பிளான்ச் ஆவலோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அஞ்சு சாவு எழுதியிருக்க," என்றான் எமில். குரல் சீராக இருந்தது. "முதல்ல காத்து கதவத் தொறக்குது. ரெண்டாவதுல அப்பாவே குடிச்சிட்டுத் தொறக்குறாரு. மூணாவதுல நான். நாலாவதுல அவரே காளையா மாறி முட்டித் தொறக்குறாரு, அது எனக்கு விளங்கல, போகட்டும். அஞ்சாவதுல நீ பேனாவோட வந்து தொறக்குற. அஞ்சுலயும் கொண்டி சும்மா தொங்குதுன்னு எழுதியிருக்க. ஒரு எடத்துலகூட ஆணி இல்ல."

"எமில், ஒரு எழுத்தாளன் எதச் சொல்லாம விடுறானோ, அதுலதான்..."

"இரு. நான் முடிக்கல. அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் சாத்துன கதவத்தான் பாத்தாங்க. காளை தாண்டிக் குதிச்சுதுன்னாங்க. டுவேன், உங்கப்பாவும் வந்திருந்தாரு, கேளு. ஏன் சாத்திக் கெடந்துச்சு? நான்தான் சாத்துனேன். கன்னுப் பட்டி ஆணியப் புடுங்கியாந்து மாட்டுனேன். பழைய ஆணியக் காணோம். நான்தான் போடாம விட்டேன்னு நெனச்சு, பயந்து, ஊர ஏமாத்துனேன். இத இன்னிக்குத்தான் வெளிய சொல்றேன். என் பொண்டாட்டிக்கே இப்பத்தான் தெரியும்."

பின் வரிசையில் இருந்த அல்பீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கதவு தொறந்து கெடந்தது எனக்குத் தெரியும், செத்துப்போன அப்பாவுக்குத் தெரியும், காளைக்குத் தெரியும். ஆணி இல்லேங்கிறது அதுல எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

லோரன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். "இதுதான் நண்பர்களே, வாசகன் எழுத்தாளன மடக்குற எடம்..." என்று கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தான். அவன் கை தன்னையறியாமல் அந்தக் கறுத்த கம்பியை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடியது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வளையம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எமில் நடந்து போனான். புத்தகத்தைப் பிடுங்கி, வளையத்தைப் பிடித்து இழுத்தான். புல்வாரிப் பல். நேர்மாறான முறுக்கு. இடக்கைக்காரர் அடித்தது.

அதை உயர்த்திப் பிடித்து அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கூட்டம் கைதட்டத் தொடங்கியது. இவ்வளவு நல்ல நாடகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

எமில் ஆணியை உள்ளங்கையில் வைத்து மூடி, அந்தக் கையாலேயே அடித்தான். லோரன் மேசையோடு சரிந்து கொலாச்சேத் தட்டுகளின் மேல் விழுந்தான். இரண்டு பற்கள் பிளம் கூழுக்குள் தெறித்தன. "எவ்வளவு தத்ரூபம்!" என்றார் பிளான்ச். எமில் அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி அடித்தான். மூக்கு உடைந்தது. பிளான்ச்சின் வெள்ளைக் காலணி மேல் சூடாக ஏதோ தெறித்தபோதுதான் அவர் கைதட்டுவதை நிறுத்தி வீறிட்டார். முதல் வரிசையில் டுவேன் மட்டும் முன்பே தட்டுவதை நிறுத்தியிருந்தான். அந்த அடியின் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"அடி," என்றான் லோரன், வாய் நிறைய ரத்தத்தோடு. "கொன்னுடு. இத்தன நாள் ஏன் கேக்கல நீ?"

"சொல்லு."

"நீ போட்டுட்டுத்தான் போன. நான் திரும்ப வந்தேன். புத்தகத்தத் தண்ணித் தொட்டி மேல வெச்சிட்டேன்னு எடுக்க உள்ள போனேன். படிச்சிக்கிட்டே வெளிய வந்தேன். கதவ இழுத்துச் சாத்துனேன். ஆணி கையில இருந்துச்சு. பக்கம் மறந்துபோயிடும்னு..." அவன் இருமினான். "பக்கத்துல வெச்சேன். அடையாளத்துக்கு."

எமில் அவன் சட்டையை விடவில்லை.

"எந்தப் பக்கம்?"

"நூத்திப் பன்னண்டு."

"அப்புறம் அந்தக் கதையில என்ன ஆச்சு?"

"தெரியாது. அதுக்கு மேல நான் படிக்கவே இல்ல."

எமில் மூன்றாம் தரம் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. மற்றக் கை சட்டையை விட்டது, லோரன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். பிறகு எமில் அழுதான். ஊர் நடுவில், தொப்பி போட்டபடி, கொம்பு அறுத்த மாடு கத்துவதுபோல் அழுதான். "முப்பத்தஞ்சு வருஷம்டா. அப்பன் செத்தப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு, அதனாலதான் என் கை மறந்துச்சுன்னு நெனச்சேன். என்னைய நானே தெனம் தெனம் கொன்னுக்கிட்டேன். நீ ஒரு வரி சொல்லியிருந்தாப் போதும். அத விட்டுட்டு அஞ்சு கதை எழுதி, என்னையவும் அதுல போட்டு வித்திருக்க!"

லோரனிடம் இருந்த ஜன்னல், கண்ணாடி, தீர்ப்பு எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

எமில் பிளான்ச்சின் கையிலிருந்த நூலகப் பிரதியைப் பிடுங்கி, முதல் பக்கத்தைத் திறந்து தரையில் வைத்தான். "எழுது."

டுவேன் எழுந்து வந்தான். கழுத்துக் கயிற்றைக் கழற்றிப் பென்சிலை நீட்டினான்.

லோரன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என் பால்யத்தின் ஒரு கோடையில்" என்று தொடங்கினான்.

"அடிச்சிடு அத. நேரா எழுது."

நாலு நாவல் எழுதிய கை அந்த இரண்டு வரிக்குத் தடுமாறியது. 'அனைத்தும் உண்மை' என்பதற்குக் கீழே அவன் எழுதினான்: "கடைசியாக வெளியே வந்தவன் நான். எமில் போட்ட ஆணியை எடுத்தவனும் நான், லோரன் ஹாவ்லிக்." ஒரு சொட்டு ரத்தம் பெயரின் மேல் விழுந்து பரவியது. எமில் விரலை வரிக்கு அடியில் வைத்து நிதானமாகப் படித்தான். புத்தகத்தைப் பிளான்ச்சிடம் கொடுத்துவிட்டு, ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அல்பீனாவோடு வீட்டுக்குப் போனான்.

லோரன் புகார் கொடுக்கவில்லை. மறுநாளே ரயிலேறினான். அதற்குப் பிறகு அவன் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. டிசம்பரில் டுவேனின் வாய்க் கம்பியை அறுத்தார்கள், எமிலும் வட்டத்துக்குள் இறங்கினான். டுவேன் அவனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடி வாங்கியவனுக்கு எது நிஜம் என்று சுலபமாகப் புரிந்துவிடுகிறது.

எல்லோருக்கும் அப்படிப் புரியவில்லை. ஜனவரியில் நூலகத்துக்குப் போய் வந்த அல்பீனா கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"அந்தப் புத்தகத்த எடுத்துப் பாத்தேன். உன் தம்பி பென்சில்ல எழுதினதுக்குக் கீழ எவனோ மையில எழுதி வெச்சிருக்கான்."

"என்னன்னு?"

"'ஆறாவது முடிவு. ஆறுலயும் இதுதான் ஜோர். ரத்தக் கறை நிஜம் மாதிரியே இருக்கு'ன்னு."

எமில் காப்பியை வைத்துவிட்டு எழுந்தான். அல்பீனா பயந்துபோய்க் கூடவே போனாள். அவன் யாரையும் அடிக்கவில்லை. நூலகத்தில் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, மாட்டுக்கு விதை எடுக்கும் சிறு கத்தியால் முதல் பக்கத்தை அடியோடு அறுத்தான்.

"எமில், அது நூலகச் சொத்து!" என்று ஓடி வந்தார் பிளான்ச்.

"எங்கப்பன் சாவு நூலகச் சொத்து இல்லம்மா," என்றான் எமில். பக்கத்தை நாலாக மடித்து, ஆணி இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்து நூலகக் கதவைச் சாத்தினான். வண்டி வரைக்கும் நடந்தான். வண்டிக் கதவில் கை வைத்தவன், திரும்பிப் போய், நூலகக் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.